கம்பியில் தொங்கும் மாஸ்டர்

இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, துவைத்துக் காயப்போட்ட பேண்ட் மாதிரி கண்ணை மூடித் தொங்கிக்கொண்டிருக்கிறார் மாஸ்டர். கால் தரையில் படவில்லை. பூங்காவில் நடக்க வருகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். சிலர் அவர் காதில் விழும்படியே 'வௌவால் மாஸ்டர்' என்கிறார்கள். அவர் கண்ணைத் திறப்பதில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக வழுக்கி, இனி முடியவே முடியாது என்று ஆன பிறகுதான் தொப்பென்று குதிப்பார். உள்ளங்கைகளை உற்றுப் பார்ப்பார். பேண்டில் துடைத்துக்கொண்டு மறுபடியும் தாவுவார்.

தொங்குவதற்கு முன்னால் ஓட்டம். ஓட்டம் என்று அவர்தான் சொல்கிறார். பார்க்கிறவர்களுக்கு அது பஸ்ஸைத் தவறவிட்ட மனிதரின் அவசரம். ஒல்லி உடம்பு, முப்பது வருடம் தையல் மெஷினில் குனிந்து வளைந்துபோன முதுகு, முழங்காலோடு அவரே வெட்டி மடித்துத் தைத்த பழைய பேண்ட். எனக்கு சர்க்கரை வியாதி. டாக்டர் விரட்டியதால் நடக்கப் போகிறேன். ஆனால் நடப்பதைவிட, பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் நடப்பதைப் பார்ப்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் சிக்கினார்.

மாடிப்படிக்கு அடியில், ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத இடத்தில் அவர் கடை. புதுத்துணி தைப்பதில்லை, ஆல்டரேஷன் மட்டும். பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவார், இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பார். முதல் தடவை நான் போனபோது டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்காமலே, "வருஷா வருஷம் இப்படியே போனா பேண்ட்ல விடறதுக்குத் துணி இருக்காது சார்" என்றார். அன்றே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவருக்கு ஒரு வினோதப் பழக்கம் உண்டு. எதிரே நிற்பவரின் சட்டையில் நூல் தொங்கினால் அவர் கை அங்கே போய்விடும். வங்கி வரிசையில் முன்னால் நின்ற முன்பின் தெரியாத மனிதரின் நூலை இழுத்து, பட்டன் கையோடு வந்து, நன்றாகத் திட்டு வாங்கியிருக்கிறார். பிறகு அங்கேயே பாக்கெட்டிலிருந்து ஊசியை எடுத்துப் பட்டனைத் தைத்தும் கொடுத்திருக்கிறார். கேட்டால், "நான் எங்க சார் செய்யறேன்? கை அது பாட்டுக்குப் போயிடுது" என்பார்.

அவர் மனைவியை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். பஸ் நிலைய டிக்கெட் கவுண்டரில், கண்ணாடிக்குப் பின்னால், நீலச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமான யூனிஃபார்மில் உட்கார்ந்திருந்தவர். எல்லோருக்கும் அவர் 'கவுண்டர் அக்கா'. சில்லறை இல்லாமல் வருகிறவர்களை அவர் திட்டுகிற அழகைக் கேட்பதற்காகவே பெரிய நோட்டை நீட்டுகிறவர்கள் உண்டு. நானும் நீட்டியிருக்கிறேன். அந்தக் கவுண்டரில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். பேசாமல் மீதியைக் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்த அம்மாவுக்குக் குடலில் கட்டி. கண்டுபிடித்தபோது அது கல்லீரலுக்கும் பரவியிருந்தது. சில வாரங்களுக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள். ஏற்றிவிட்டு வந்தால் சில நாட்களுக்குத் தண்ணீர்கூட உள்ளே தங்காது. கால்களில் வலுவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் மாஸ்டர்தான் தூக்க வேண்டும். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு எழும்பும்போதெல்லாம் அந்த அம்மா, "எந்த ஊருக்குங்க போறோம்?" என்று கேட்பாராம். இவர் ஏதாவது ஓர் ஊர் சொல்ல வேண்டும். சொன்ன ஊரையே மறுபடி சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாராம்.

ஒருநாள் தூக்கும்போது மாஸ்டரின் கை நடுங்கி, இருவருமாகக் கட்டில்மேலேயே விழுந்தார்கள். நல்லவேளை, அடி இல்லை. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் இவருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார். பார்த்துவிட்டு, பக்கத்துக் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது, நீங்களும் படுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். அந்த வாரமே அந்த அம்மா தன் சேமிப்பிலிருந்து இவருக்கு ஷூ வாங்கவைத்துப் பூங்காவுக்குத் துரத்தினார்.

காலையில் மனைவியின் அக்கா வந்து துணைக்கு இருப்பார். அவருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. பொண்டாட்டி படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், இவருக்குக் காலங்காத்தாலே ஓட்டம் கேட்கிறதா என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லிப் பார்த்தார். மாஸ்டருக்கும் அது சரியென்றே பட்டது. வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிய நாட்கள் உண்டு. உள்ளேயிருந்து குரல் வரும்: "போய்த் தொங்கிட்டு வாங்க. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

முதல் நாள் அரைச் சுற்று ஓடிவிட்டு மரத்தடியில் வாந்தி எடுத்தாராம். இரண்டாவது வாரம் ஓடிக்கொண்டே அழுதாராம். அது அவருக்கு வசதியாக இருந்திருக்கிறது. "வீட்ல மூஞ்சி நனைஞ்சா ஏன்னு கேப்பாங்க. இங்க வேர்வைன்னு விட்டுடுவாங்க சார்." கொஞ்சம் கொஞ்சமாக இரவில் தூக்கம் வந்தது. ஊசியில் நூல் கோக்கும்போது கை நின்றது. மனைவியை ஒரே மூச்சில் தூக்க முடிந்தது. கம்பியில் ஏன் அவ்வளவு நேரம் தொங்க வேண்டும் என்று கேட்டேன். கை எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கிற இடம் அது ஒன்றுதான் என்றார். எனக்கு அப்போது அது புரியவில்லை.

புரிந்ததற்குக் காரணம், ஒருநாள் நானும் ஓடியதுதான். மாஸ்டர் நின்று பேசுகிறவர் அல்ல, ஓடும்போதுதான் பேசுவார். பக்கத்தில் ஓடுகிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? அன்று ஏதோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் வேகம் எடுத்துவிட்டார். மீதியைக் கேட்கிற ஆசையில், பல வருடங்களுக்குப் பிறகு, இந்தத் தொந்தியைத் தூக்கிக்கொண்டு நான் ஓடினேன்.

நோய் என்று தெரிவதற்கு முன்னால் நடந்த கதை அது. காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பும்போது, யூனிஃபார்ம் சட்டை முதுகில் உப்பி நிற்பது இவர் கண்ணில் பட்டிருக்கிறது. இரவு மெஷினில் உட்கார்ந்தபோது அதையும் எடுத்து இரண்டு பக்கமும் ஒரு தையல் போட்டார். பாவாடை இடுப்பையும் பிடித்தார். சில வாரம் கழித்து மறுபடியும். பிறகு இன்னொரு தடவை. மனைவியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. தளர்ந்த துணி கைக்கு வந்தால் பிடித்துத் தைப்பார், அவ்வளவுதான். வருகிறவர்களுக்கெல்லாம், 'இளைச்சிட்டீங்களே, என்ன கவலை?' என்று கேட்கிறவர், வீட்டில் அதைக் கேட்கவில்லை.

அந்த அம்மாவுக்குப் பசி குறைந்து, வயிறு அடிக்கடி வலித்தபோது தெருக்கோடி டாக்டரிடம் போனார்கள். டாக்டர் எடை பார்த்தார். முன்னால் எவ்வளவு இருந்தீர்கள் என்று கேட்டார். அந்த அம்மா எடையே பார்த்துக்கொண்டதில்லை. அப்படியென்றால் துணிமணி ஏதாவது தளர்ந்திருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, போன வருடத்து யூனிஃபார்ம் இன்னும் கச்சிதமாக இருக்கிறது என்று சொன்னார். வயிற்றுப் புளிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார் டாக்டர். சில மாதங்கள் அந்த மாத்திரையிலேயே போயின.

"நான் பக்கத்துலதான் சார் நின்னுட்டிருந்தேன்" என்றார் மாஸ்டர். "அவ கச்சிதமா இருக்குன்னு சொன்னப்ப எனக்குப் பெருமையா இருந்துச்சு."

அதற்குமேல் என்னால் அவரோடு ஓட முடியவில்லை. மூச்சு வாங்குவதாகச் சொல்லி நின்றுவிட்டேன். மூச்சும் வாங்கியது. அவர் கம்பியை நோக்கி ஓடினார்.

பெரிய ஆஸ்பத்திரியில், கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம் என்று சொன்ன அன்றைக்குத்தான் மாஸ்டருக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. அவருக்கு மட்டும். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அந்த அம்மா, டாக்டர் கேட்டபோது நான்தான் உளறிவிட்டேன், என் வாயால் நானே கெட்டேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மாஸ்டர் அந்த நேரம் பார்த்து அடுப்படிக்குள் போய்விடுவார். அன்றிலிருந்து அந்த அம்மாவின் துணி எதையும் மாஸ்டர் தைக்கவில்லை. ஊரார் துணியையெல்லாம் உடம்போடு உடம்பாகப் பிடித்துக் கொடுக்கிறவரின் மனைவி, சாக்குப் பை மாட்டியதுபோல வீட்டில் இருந்தார்.

சென்ற மாதம் அந்த அம்மாவுக்கு ஓர் ஆசை வந்தது. ஒருதடவை பஸ் நிலையத்துக்குப் போய், கூட வேலை பார்த்தவர்களைப் பார்த்துவிட்டு வர வேண்டும். நைட்டியோடு போக மாட்டார், யூனிஃபார்மோடுதான் போவாராம். ஒரு சட்டையை மட்டும் பிடித்துக் கொடுங்கள் என்று கேட்டார். மாஸ்டர் நாளை, நாளை என்று தள்ளினார். ஒரு சட்டைக்கு இவ்வளவு கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்று அந்த அம்மா கண் கலங்கியபோது, இனி மறைக்க முடியாது என்று மாஸ்டருக்குத் தெரிந்துபோயிற்று.

மறுநாள் பூங்காவில் வழக்கத்தைவிட அதிகம் ஓடினார். சொல்லி என்ன ஆகப்போகிறது, போன மாதங்கள் திரும்பியா வரும் என்று நான் கேட்டுப் பார்த்தேன். "அவ தன்னையே திட்டிக்கிட்டுப் போகக் கூடாது சார். ஓடின சூட்டோட சொல்லிடணும். உடம்பு ஆறிட்டா வாய் வராது." வேர்வையோடு வீட்டைப் பார்த்து நடந்தார். அதற்குப் பிறகு கம்பி காலியாகவே இருந்தது.

கடையும் திறக்கவில்லை. என் பேண்ட் அவரிடம் இருந்தது. பேண்ட் என்பது ஒரு சாக்கு, விசாரிக்கத்தான் வீட்டுக்குப் போனேன். கட்டிலை முன்னறை ஜன்னலோரம் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அதை ஒட்டித் தையல் மெஷின். காலை மாத்திரைகள் வெள்ளைப் பட்டன் டப்பாவிலும், இரவு மாத்திரைகள் கறுப்புப் பட்டன் டப்பாவிலும் இருந்தன. மாஸ்டர் எனக்கு முதுகைக் காட்டி மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மெஷினில் நூல் இல்லை. அந்த அம்மா நாற்காலியில் மடி நிறைய நீலச் சட்டைகளோடு இருந்தார். ஒன்றை உட்புறம் திருப்பி, பிளேடு முனையால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். கை மெலிந்து மணிக்கட்டு எலும்பு துருத்தியிருந்தது. நூலை ஒவ்வொன்றாக வெட்டி, இழுத்து, ஓரமாக வைத்தார்.

என்னைப் பார்த்து உட்காரச் சொன்னார். சட்டையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒன்றையொட்டி ஒன்றாக மூன்று தையல் வரிகள். "இது முதல்ல பிடிச்சது. இது அப்புறம். இதோ, இந்தக் கடைசித் தையலோடதான் சார் டாக்டர்கிட்ட போனேன்."

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கோவம்தான். இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். எனக்கு நல்லா இருக்கட்டும்னுதானே செஞ்சாரு, அதுவும் தெரியும். தெரிஞ்சா கோவம் வராதா?"

மாஸ்டர் திரும்பவில்லை. சொன்ன நாளிலிருந்து அந்த அம்மா அவரைத் தொடவிடவில்லை என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. எழுப்புவது, உட்காரவைப்பது, படுக்கவைப்பது எல்லாம் அக்காதான். அக்காவுக்கும் வயதாகிவிட்டது, இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூக்குகிறார். மாஸ்டர் பக்கத்திலேயே நிற்பாராம். எந்த ஊருக்கு என்று யாரும் கேட்பதில்லை.

பூங்காவில் எல்லோரும் தேடுவதாக மாஸ்டரிடம் சொன்னேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அங்கே போய் மனசை ஆற்றிக்கொள்வது என்று மெஷினைப் பார்த்தே முனகினார். அவர் மடியில் கிடந்த கைகள் நடுங்குவதை நான் பார்த்தேன். அந்த அம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"ராத்திரியெல்லாம் இப்படியே உக்காந்திருக்காரு சார்" என்று என்னிடம் சொன்னார். குரல் மட்டும் மெஷின் பக்கம் போயிற்று. "நாளைக்கு ஓடப் போகச் சொல்லுங்க. நான் இன்னும் கோவமாத்தான் இருப்பேன். அதுக்காக இவரு ஓடாம இருந்தா என் உடம்பு சரியாயிடுமா?"

கடைசித் தையலும் பிரிந்தது. அக்காவைக் கூப்பிட்டு, நைட்டிக்கு மேலேயே அந்தச் சட்டையை மாட்டிவிடச் சொன்னார். பழைய அளவுக்கு வந்துவிட்ட சட்டைக்குள் அவர் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டியிருந்தது. பட்டனைப் போட்டுக்கொண்டு குனிந்து தன்னையே பார்த்தார். பக்கவாட்டில் மிஞ்சிய துணியைக் கையால் அள்ளிப் பிடித்தார். ஒரு பிடி நிறைய வந்தது. சற்று நேரம் அதைப் பிடித்தபடியே இருந்தார். மாஸ்டர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்து நின்றார். எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றார்.

உட்கார்ந்து களைத்துப்போயிருந்தார் அந்த அம்மா. படுக்கணும் என்றார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து குனிந்தார். அந்த அம்மா அக்காவின் கைகளைக் கவனிக்காதவர்போல மாஸ்டர் நின்ற மெஷின் பக்கம் முகத்தைத் திருப்பி, தொளதொளத்த நீலச் சட்டைக் கைகளோடு தன் இரண்டு கைகளையும் மேலே தூக்கி நீட்டினார்.