பதினாலு பேருக்கு ஒரு விசிறி

படகுக்கு விசிறி விற்கும் தொழிலில், கடைக்கு வருகிற எல்லோருக்கும் நம்மைவிடக் கொஞ்சம் கூடத்தான் தெரிந்திருக்கும்; அதை நாம் ஒப்புக்கொள்வதற்குள் தலை நரைத்துவிடும்.

என் கடை பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையில், ஒரு பக்கம் நெல்வயலும் இன்னொரு பக்கம் பஞ்சர் கடையுமாக இருக்கிறது. அதற்கு முன் கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் பல வருஷம் உலைச் சூட்டில் வெந்தவன் நான். விசிறி என்றால் படகு இன்ஜினின் அடியில் தண்ணீருக்குள் சுழலுமே, அந்த புரொப்பெல்லர். பெயர்ப் பலகையில் ‘விசிறி’ என்று எழுதி வைத்ததால் சித்திரை மாதம் முழுக்க சீலிங் ஃபேன் கேட்டு வருகிறவர்களைச் சமாளிப்பது தனிக்கதை. கடை வைத்து, வாடிக்கையாளரிடம் மூக்குடைபட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், நீங்கள் நம்ம கட்சி. ஒரே ஒரு படகுக்கு மாற்று விசிறி தேடியதில் என் மூக்கு எத்தனை முறை உடைந்தது என்று சொல்கிறேன்.

காயம் படித்தவர்

ஐப்பசியில் ஒரு நாள் காலை தேசப்பன் வந்தார். பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் இருக்கிற ஊர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். பல வருஷம் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கப்பலுக்கு ஆளேற்றிப் போகும் வேகப்படகை ஓட்டியவர். அங்கே ஒப்பந்தக்காரர் ஒருவர் கழித்துக் கட்டிய படகை அவருடைய ஊர் பொதுவில் வாங்கியிருந்தது. நூற்றுப் பதினைந்து குதிரைசக்தி இன்ஜின். அக்கரையில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அந்தப் படகுதான் ஆம்புலன்ஸ்.

ஈரச் சாக்கிலிருந்து பழைய விசிறியை எடுத்து மேஜை மேல் வைத்தார். மூன்று இறக்கையும் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டிருந்தன. எங்கே இடித்தீர்கள் என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அவர் ஒவ்வொரு பள்ளத்திலும் விரலை வைத்துப் பதில் சொன்னார். வழவழவென்று தேய்ந்த விளிம்பு முகத்துவாரத்து மணல். பல்பல்லாக இருந்தது சிப்பித் திட்டு. மடங்கியிருந்தது, புயலில் விழுந்து தண்ணீருக்குள் கிடக்கும் பனைமரம். எந்தத் திட்டு, எந்த மாதம் என்பது வரைக்கும் சொன்னார். டாக்டர் எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி அவர் சொல்லச் சொல்ல, நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக அந்த மடங்கிய இறக்கையில் விரல் நின்றது. அன்றைக்குப் படகில் இருந்தது பிரசவ வலியில் துடித்த அவருடைய மூத்த மகள். விசிறி போனதால் படகு ஏரி நடுவில் நின்றுவிட்டது. இப்போது இளைய மகள் ரேவதிக்கு மாசம் ஏழு, குழந்தை குறுக்கே கிடக்கிறது, திரும்பாவிட்டால் ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

“மூத்தவளுக்கு ஏரியிலயே பொறந்துடுச்சி நைனா, சாமி புண்ணியத்துல ரெண்டும் பொழச்சிதுங்க. சின்னவளுக்கு அந்த மாரி ஆனா பொழைக்காது. அதுக்கு ஏத்தாப்ல ஒண்ணு குடு.”

ஊரே வந்து பார்த்த விசிறி

அவரே ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் ஊர்ப் பொதுப் படகுக்கு ஒருத்தர் மட்டும் பார்த்துச் சாமான் வாங்குவது அவர்கள் வழக்கத்தில் கிடையாது. நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் பழி ஒரு ஆள் தலையில் விழக்கூடாதாம். ஆகவே மறுநாள் இரண்டு ஷேர் ஆட்டோவில் ஊர் வந்து இறங்கியது. முன்னால் தொப்பையும் துண்டுமாக ஊர்த் தலைவர் ஏகாம்பரம். கடைசியாக இறங்கியவர் வள்ளியம்மா. ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் தவழ்ந்து கையாலேயே இறால் பிடிக்கிறவர். படகில் அதிகம் போகிறது பெண்கள்தான் என்பதால் அவர்கள் சார்பில் வந்திருந்தார்.

கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பாடம் எடுத்தேன். விசிறிக்கு அகலம் ஒரு கணக்கு, பிட்ச் ஒரு கணக்கு. பிட்ச் என்றால் ஒரு சுற்றுக்குப் படகை எத்தனை அங்குலம் முன்னால் தள்ளும் என்பது. பிட்ச் கூடினால் ஓட்டம் கூடும், தெம்பு குறையும். மேட்டில் பஸ் டிரைவர் கியரைக் குறைக்கிறாரே, அதுபோலச் சுமை இழுக்கக் குறைந்த பிட்ச் வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, அவசரத்துக்குப் போகிற படகாயிற்றே, வேகம்தானே முக்கியம் என்று பத்தொன்பது அங்குல பிட்ச் ஸ்டெயின்லெஸ் விசிறியை எடுத்து வைத்தேன். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. ஊரே ஒருவர் பின் ஒருவராக அதைத் தடவிப் பார்த்துத் தலையாட்டியது. பதினாலு பேர் ஏறினால் எப்படி இருக்கும் என்று வள்ளியம்மா கேட்டார். அதெல்லாம் இன்ஜின் பார்த்துக்கொள்ளும் என்றேன். அவர் விசிறியை ஒரு தரம் சுண்டிப் பார்த்தார்.

“நல்லா பளபளன்னுதான் கீது. ஆனா இது தண்ணிக்கு அடியிலதான சுத்தப் போவுது?”

காதாலேயே மீட்டர் பார்த்தவர்

விசிறி சரியா தப்பா என்பதற்கு ஒரே சோதனைதான் உண்டு. முழு விசையில் ஓட்டும்போது இன்ஜின் நிமிஷத்துக்கு ஐயாயிரத்திலிருந்து ஆறாயிரம் சுற்றுக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் இன்ஜின் திணறுகிறது, கூடினால் வெறுமனே பறக்கிறது என்று அர்த்தம். பழவேற்காடு துறையில் நான், என் மெக்கானிக் சேவியர், தேசப்பன் மூன்று பேரும் ஏறினோம். படகில் இருந்த மீட்டர் எப்போதோ செத்துவிட்டதால் சேவியர் கையில் ஒரு மீட்டர் கொண்டு வந்திருந்தார்.

தேசப்பன் விசையை முழுக்கத் தள்ளினார். முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. படகு தண்ணீரில் போகிற மாதிரியே இல்லை, தண்ணீரை லேசாகத் தொட்டுக்கொண்டு போனது. தூரத்தில் நின்ற பூநாரைக் கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள் அதைத் தாண்டிவிட்டோம். எனக்குப் பயமும் சந்தோஷமும் சேர்ந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, காற்று என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தச் சத்தத்தில் தேசப்பன் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டு, “அஞ்சாயிரத்து எழுநூறு” என்றார். சேவியர் மீட்டரைப் பார்த்தார். பிறகு அதை என்னிடம் காட்டினார். அதே எண். இந்த மனுஷரின் காதை விற்பனைக்குக் கொடுத்தால் நான் மீட்டர் வாங்குவதையே நிறுத்திவிடுவேன்.

விசிறியை நானே கண்டுபிடித்தவன் போல நெஞ்சை நிமிர்த்திக் கரை இறங்கினேன். வள்ளியம்மா துறையில் இறால் கூடையோடு உட்கார்ந்திருந்தார். எப்படி நம்ம விசிறி என்று கேட்டேன்.

“நீ பாத்தது உங்க மூணு பேருக்கு நல்லா கீது. எங்களுக்கு எப்ப பாக்கப் போற?”

கட்டிலில் ஊர்த் தலைவர்

அவர் கேட்டபடியே இன்னொரு சோதனை வைத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், கடல் உள்வாங்கி ஏரியில் நீர் வற்றிய நேரமாகப் பார்த்து, பதினாலு பேரை ஏற்றினோம். கூடவே ஒரு நார்க்கட்டில். பிரசவத்துக்குப் போகிறவர்களை அதில் படுக்க வைத்துத்தான் கொண்டுபோவார்கள். வெறும் கட்டிலை ஏற்றினால் கணக்கு சரியாக வராது, யாராவது படுக்க வேண்டும் என்றார் வள்ளியம்மா. பெண்கள் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, பொய்யாகப் படுப்பது அபசகுனமாம். கடைசியில் தலைவர் ஏகாம்பரமே துண்டை விரித்துப் படுத்தார். வயிறும் கச்சிதமாகப் பொருந்தியது.

படகு கிளம்பியது, ஆனால் எழும்பவில்லை. வேகப்படகு என்றால் விசை கொடுத்ததும் மூக்கைத் தாழ்த்தித் தண்ணீர் மேல் ஏறி ஓட வேண்டும். இதுவோ மூக்கு வானத்தைப் பார்க்க, பின்பக்கம் தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டது. இன்ஜின் முனகியது. நாலாயிரத்து இருநூறு என்று தேசப்பன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பின்பக்கம் அமுங்கியதால் விசிறி சேற்றைக் கடைந்தது, அடுத்த நிமிஷம் சிப்பித் திட்டில் ‘மடார்’ என்று மோதியது. பளபளத்த இறக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. நடுவில் விசிறியை இன்ஜின் தண்டோடு பிடித்து வைக்கிற ரப்பர் புஷ் வழுக்கிக்கொண்டு, இன்ஜின் கத்தக் கத்தப் படகு அசையாமல் நின்றது. முழங்கால் ஆழத் தண்ணீரில், சுற்றிலும் ஏரி, மேலே வெயில். இதே மாதிரி ரேவதி படுத்திருந்தால் என்ற நினைப்பு வந்தது, அப்புறம் போகவே இல்லை.

வள்ளியம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு பாதத்தால் தடவித் தடவி முன்னால் நடந்தார். இங்கே மணல், இங்கே சிப்பி, இங்கே நாலு அடி தள்ளி ஓடை என்று சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் படகைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனோம். அவர் சொன்ன இடத்தில் ஓடை இருந்தது. முப்பது வருஷமாக அந்தப் பாதங்கள் ஏரியின் அடியைப் படித்திருக்கின்றன. வரைபடத்தில்கூட இல்லாத பாதை அந்த அம்மாவின் உள்ளங்காலில் இருந்தது. கும்பிடத் தோன்றியது, இரண்டு கையும் படகைத் தள்ளிக்கொண்டிருந்ததால் முடியவில்லை. தலைவர் மட்டும் கட்டிலை விட்டு இறங்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நான் நெசமா புள்ளத்தாச்சியா இருந்தா, இந்நேரம் பேரே வெச்சிருப்போம்.”

நாலு இறக்கை

மறுநாளே ஸ்டெயின்லெஸ் விசிறியைக் கழற்றித் திரும்ப வாங்கிக்கொண்டேன். தப்பு என்னுடையது என்று தேசப்பனிடம் சொன்னேன். அவர் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி, வேறு என்ன இருக்கிறது என்று அலமாரியைப் பார்த்தார். பதினைந்து அங்குல பிட்ச், நாலு இறக்கை, சாதாரண அலுமினியம். தூசு தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவு நாள் யாரும் சீந்தாதது. அலுமினியம் மெத்தென்று இருக்குமே என்று அவர் கேட்டார். அதனால்தான் என்றேன். கல்லில் இடித்தால் இது தானே வளைந்துகொள்ளும், அடியைக் கியருக்கு அனுப்பாது. விசிறி போனால் மாற்றிக்கொள்ளலாம், கியர் போனால் நடு ஏரியில் கும்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதே மாதிரி இன்னொன்றையும் உபரியாகப் படகிலேயே வைக்கச் சொன்னேன்.

மறுபடியும் பதினாலு பேர், கட்டில், கட்டிலில் தலைவர். இந்தத் தடவை படகு ஒரு முக்கல்கூட முக்காமல் எழும்பியது. பின்பக்கம் மேலே வந்துவிட்டதால் விசிறிக்கும் தரைக்கும் நடுவே தண்ணீர் இருந்தது. வள்ளியம்மா சொன்ன ஓடை வழியாகவே ஓட்டினோம். வழி நெடுக மூங்கில் கழி நட்டுத் துணி கட்டினார்கள், பாதிக்கு மேல் அந்த அம்மாவின் பழைய புடவைகள். தேசப்பன் தலையைச் சாய்த்துக் கேட்டு ஐயாயிரத்து அறுநூறு என்றார், நான் மீட்டரைப் பார்க்கவே இல்லை. கரையில் இறங்கியதும் படகை ஒரு தட்டுத் தட்டினார்.

“ஓட்டத்துல கொஞ்சம் கம்மிதான். ஆனா கூப்ட்ட ஒடனே எந்திரிக்குது நைனா.”

அன்றைக்குப் பத்து மணி

மார்கழிக் கடைசியில் ஒரு காலையில், பத்து மணி இருக்கும், சேவியருக்கு அக்கரையிலிருந்து போன் வந்தது. ரேவதிக்கு வலி எடுத்துவிட்டது, சொன்ன தேதிக்கு முன்னாலேயே. ஏரியில் நீர் வற்றிய நேரம். என்னால் கடையில் உட்கார முடியவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடினேன். போய் நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று தெரியும். ஆம்புலன்ஸ் வந்து நின்றது. நான் பல வருஷமாகக் கும்பிடாத சாமிகளை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டேன்.

முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு தூரத்தில் படகு, தண்ணீரின் மேல் தட்டையாக, நேராக. முன்பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வள்ளியம்மா நின்று கை காட்டினார், அந்தக் கைக்குத் தகுந்தபடி படகு வளைந்தது. பாதி வழிக்கு மேல் யாரோ குறுக்கே வலை கட்டியிருந்தார்கள். படகு கழிகளை விட்டு விலகித் திட்டுப் பக்கம் ஒதுங்குவது தெரிந்தது. ‘மடார்’ என்று ஒரு சத்தம் கேட்டது, விசிறி சிப்பியில் மோதுகிற அதே சத்தம். படகு ஒரு குலுங்கு குலுங்கியது, நிற்கவில்லை. அதிர்ந்துகொண்டே வந்து துறையில் சேர்ந்தது. கட்டிலோடு ரேவதியை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மத்தியானம் செய்தி வந்தது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம். மறுநாள் தேசப்பன் கடைக்கு வந்தார். இனிப்பு எதிர்பார்த்த என் முன்னால் அதே ஈரச் சாக்கைப் பிரித்து விசிறியை வைத்தார். நாலில் ஒரு இறக்கை ஓரம் நன்றாக மடங்கியிருந்தது, மற்ற மூன்றும் முழுசாக இருந்தன. கியருக்கு ஒரு கீறல் இல்லை, உபரி விசிறியை மாட்டிவிட்டேன் என்றார். மடங்கிய ஓரத்தை, முதல் நாள் காயம் காட்டிய அதே விரலால் தடவினார். அவர் கண் கலங்கியது. என் கண்ணும்தான், இந்தத் தடவை காற்று என்று சொல்ல வழியில்லை.

“அடிய இது வாங்கிக்கிச்சி நைனா. எம் பொண்ணு வாங்கல.”

இப்போதெல்லாம் யார் விசிறி கேட்டு வந்தாலும் எத்தனை அங்குலம் என்று கேட்காமல் படகில் யார் யார் ஏறுவார்கள் என்றுதான் முதலில் விசாரிக்கிறேன். அதில் பாதிப் பேர் என்னைப் பைத்தியம் என்று முடிவு கட்டி, அடுத்த கடையில் போய்ப் பளபளப்பாக ஒன்றை வாங்கிக்கொள்கிறார்கள்.