கன்றிப்போன கைகள்

என் மனைவிக்கு இருதய வால்வு மாற்றி, மதராஸிலிருந்து சங்கரன்கோவிலுக்குக் கூட்டி வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுடைய வால்வைக் கெடுத்திருந்தது. புதிதாக வைத்தது உலோகம். அதில் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை, மாதம் ஒருமுறை பாளையங்கோட்டையில் ரத்தப் பரிசோதனை. ஒழுங்காக இருந்தால் நன்றாக வாழலாம் என்றார் டாக்டர். நான் பள்ளிக்கூட வாத்தியார். ஒழுங்கு நமக்கு ஒரு பெரிய காரியமா என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சில மாதங்கள் நன்றாகத்தான் இருந்தன. சர்ச்சில் எல்லோரும் மௌனமாக ஜெபிக்கும்போது அவள் நெஞ்சுக்குள்ளிருந்து டிக் டிக்கென்று கேட்கும். முன்னால் இருக்கும் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அவளால் சிரிப்பை அடக்க முடியாது. மூச்சு வாங்காமல் படி ஏறினாள். விட்டுப்போன தையல் டீச்சர் வேலைக்கும் திரும்பினாள்.

பிறகு கன்றல்கள் வந்தன. மாத்திரையால் ரத்தம் நீர்த்துப்போனதில், கதவு லேசாக இடித்தாலும் கையில் நீலமாகக் கட்டிக்கொள்ளும். பல் தேய்த்தால் ரத்தம். மாதவிலக்கு வந்தால் பத்து நாள் படுக்கை. சர்ச்சில் பெண்கள் அவள் கையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

கடைசியில் போதகர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"சார்வாள், வீட்டுல சமாதானமா இருக்கியளா?"

நான் மாத்திரையைப் பற்றி விளக்கினேன். வீட்டுப்பாடம் செய்யாத பையனின் காரணத்தை நான் எப்படிக் கேட்பேனோ, அப்படியே கேட்டுக்கொண்டார். பொறுமையாக இருங்கள் என்று சொல்லி எனக்காக ஜெபமும் செய்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாளே புழக்கடை முருங்கையில் கை வைத்தேன். முருங்கைக் கீரை தின்றால் ரத்தம் ஊறும் என்று யாருக்குத்தான் தெரியாது? பள்ளிக்கூடம் போகுமுன் நானே பறித்து, நானே உருவி வைப்பேன். காலையில் சாறு, மத்தியானம் பொரியல், சாயங்காலம் அடை. அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றாள். ஆறு வாரத்தில் கைகள் தெளிந்துவிட்டன. கன்றல்தான் இல்லையே என்று இரண்டு மாதம் பாளையங்கோட்டைக்கும் கூட்டிப் போகவில்லை. குட்டைக் கை வைத்த ஜாக்கெட் தைக்கச் சொல்லி, அதைப் போட வைத்து, சர்ச்சில் முன்வரிசையில் உட்கார வைத்தேன். நல்லாப் பாருங்கள் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்து ஊசி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே சரிந்தாள். வாய் கோணியிருந்தது. கூப்பிட்டால் பார்த்தாளே ஒழிய பேச்சு வரவில்லை. வாடகைக் கார் பிடித்துப் பாளையங்கோட்டைக்குக் கொண்டு போனேன்.

வால்வில் உறைந்த ரத்தத்தில் ஒரு துணுக்கு மூளைக்குப் போய் அடைத்துவிட்டது என்றார் அங்கிருந்த டாக்டர். மாத்திரையை நிறுத்தினீர்களா என்று கேட்டார். ஒரு வேளைகூடத் தவறவில்லை என்றேன். என்ன சாப்பிடுகிறாள் என்றார். கீரையைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மாத்திரை செய்கிற வேலையைக் கீரை அழித்துவிடும் என்று மெதுவாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வலது கை திரும்பவே இல்லை. பேச்சு, ஒரு வருஷம் கழித்து, ஒவ்வொரு சொல்லாக வந்தது. ஒரு மத்தியானம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது என்னால் அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன், உன்னை இப்படி ஆக்கினவன் நான்தான், அந்தக் கீரைதான் என்று. அவள் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"தெரியும். மெட்ராஸ்லயே நர்ஸ் சொன்னா."

பிறகு ஏன் தின்றாய் என்று கேட்டேன். பதிலுக்கு வெகுநேரம் சொல் தேடினாள்.

"ஒங்கள... அடிக்கிற ஆளுன்னு... சர்ச்சுல பேசினாவள்லா."

அவளை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை என்று அதுவரை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.