காது குடைந்த பேனா மூடி

விஜயநகரில் இங்கிலீஷ் பேசக் கற்றுத்தரும் வாத்தியார் வீட்டில் சமையல் செய்தேன். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட். பேனா மூடியால் காது குடைவார். அதாலேயே படிக்க வந்தவர்கள் நோட்டைத் தட்டுவார்.

அங்கே எதைக் கேட்டாலும் இங்கிலீஷில்தான் கேட்கணும். தப்பென்றால் திருப்பிச் சொல்லணும். அவரிடம் படித்த, நஞ்சன்கூடு ஃபேக்டரியில் வேலை பார்க்கிற பெண் ஒருநாள் மதியம் குழந்தையைத் தோளில் போட்டு ஓடிவந்தாள். காய்ச்சலில் தலை தொங்கியது. அவர் ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லி இங்கிலீஷில் கெஞ்சினாள்.

"அங்கே போறதுக்கு பிரிங் இல்லம்மா, டேக். இங்கே வர்றதுக்குத்தான் பிரிங். முழுசா சொல்லு."

அழுதுகொண்டே சொன்னாள். மறுபடியும் தப்பு. அவர் சிரித்தபடி மூடியைக் காதில் விட்டார்.

எனக்குப் படிப்பு கையெழுத்து மட்டும்தான். ஆனால் குழந்தையைத் தொட்டால் கொதிக்கிறது என்று தெரியும். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

"என்னம்மா, சாறு அடுப்பில கொதிக்குதே?"

"நீங்களே இறக்கிக்கோங்க சார். நான் இனி வரல."

குழந்தை பிழைத்தது. ஆனால் ஆட்டோவில் ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் அந்த இங்கிலீஷ் வரியைத்தான் சரியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த மனுஷன் அவளை என்ன செய்து வைத்திருந்தாரோ, இன்னும் எனக்கு விளங்கவில்லை.