கரையில் உட்கார்ந்திருந்தவள்

செஞ்சியில் பதினைந்து வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் புது வண்டியை எடுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்களிடம், அதை ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டு வாங்க, முதலில் பிரேக் பிடிக்கிறதா பார்ப்போம் என்று சொல்கிற ஆள் நான். காற்று, கருப்பு, ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. இப்போதும் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

சுமதியும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அவளுக்குக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. கணவர் இறந்த பிறகு மூன்று வருடமாகத் தனியாகத்தான் அதை நடத்திக்கொண்டிருந்தாள், கடையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் கடை, வேறு எங்கேயும் போகமாட்டாள், சிரிப்பதுகூடக் குறைந்துவிட்டது. இரண்டு பேருக்கும் நாற்பது வயது ஆகிற வருடம் இது, ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. போனில் ஒரு வீடியோ வந்தது, எங்களைவிடப் பெரிய வயதுப் பெண்கள் புடவை கட்டிக்கொண்டு அலைமேல் பலகையில் நிற்கிறார்கள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

"சர்ஃபிங்கா? எனக்கு நீச்சலே தெரியாதுடி, இன்னா வெளையாடறியா?" என்றாள் சுமதி.

"லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்க. இடுப்பளவு தண்ணியிலதான் சொல்லித் தருவாங்க. கிளட்ச் எதுன்னே தெரியாதவங்களை நான் திண்டிவனம் ரோட்டுல ஓட்ட வெக்கிறேன், உன்னை ஒரு பலகையில நிக்க வெக்க முடியாதா?"

அவளுக்கு உள்ளூரப் பயம்தான், என் தொல்லை தாங்காமல் தலையாட்டினாள். ஊர் பேரைச் சொல்லவில்லை, மரக்காணம் தாண்டி வடக்கே போனால் வருகிற கடலோர ஊர், அங்கே இதைச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு என்னால் தொந்தரவு வேண்டாம்.

தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. திட்டம் போடுவதற்காக அவள் என் வீட்டுக்கு வந்திருந்தாள். எத்தனை மணிக்குக் கிளம்புவது, என்ன துணி எடுப்பது எல்லாம் பேசி முடித்துவிட்டு, சரி, இங்கேயே ஒரு பயிற்சி எடுத்துவிடலாம் என்று மொட்டை மாடிக்குப் போனோம். வெயில் இதமாக இருந்தது, எதிரே ராஜகிரிக் கோட்டை மலை தெளிவாகத் தெரிந்தது. தரையில் சாக்பீஸால் ஒரு பலகை அளவுக்குக் கோடு போட்டேன். அதற்குள் அவளைக் குப்புறப் படுக்கச் சொன்னேன். போனில் வீடியோவைப் போட்டு, அதில் சொல்லச் சொல்ல நானும் கத்தினேன்.

"கையால தள்ளு, தள்ளு, அலை வருது, ம், எழுந்திரு!"

அவள் எழுந்திருக்கவில்லை. வீடியோ நின்றுவிட்டிருந்தது, நான் தலையைக் குனிந்து அதை மறுபடி ஓட்டினேன். பத்து நொடி இருக்கும், அதற்குமேல் இருக்காது. நிமிர்ந்து பார்த்தால் சுமதி தலைமுதல் கால்வரை நனைந்து கிடக்கிறாள். சுடிதார் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது, முடியிலிருந்து தண்ணீர் ஓடி சாக்பீஸ் கோட்டையே அழித்துவிட்டது. மூச்சு இல்லை.

நான் பயந்து நின்றுவிடுகிற ஆள் இல்லை. அவளைப் புரட்டி, ஒருக்களித்துப் போட்டு, முதுகில் ஓங்கித் தட்டினேன். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. இரண்டு முறை இருமினாள், கண்ணைத் திறந்தாள், என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மஞ்சச் சட்டை போட்ட ஒருத்தரு... வலது பக்கம் போவாதே, கல்லு இருக்குதுன்னு கத்துறாருடி. அதுக்குள்ள அலை தூக்கிப் போட்டுருச்சி."

தண்ணீர்த் தொட்டி உடைந்ததா என்று ஓடிப்போய்ப் பார்த்தேன், தொட்டி, குழாய் எல்லாம் காய்ந்து கிடந்தன. தரையில் நின்ற தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். எங்கள் போர்வெல் தண்ணீரும் லேசாக உப்புக் கரிக்கும், நீங்கள் சொல்லப்போவது தெரிகிறது, ஆனால் இது அந்த உப்பு இல்லை. அவள் உள்ளங்கையில் மணல் இருந்தது.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். நெஞ்சில் கொஞ்சம் சளி, வேறொன்றும் இல்லை என்றார். மாடியில் தண்ணீர் கொட்டிவிட்டது, அதில் மயங்கி விழுந்தாள் என்று சொன்னேன், வேறு என்ன சொல்ல முடியும். வெளியே வந்ததும், "டிரிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றேன். அவ்வளவு பயந்துகொண்டிருந்த சுமதி சொன்னாள்:

"இல்ல பத்மா, நான் போவணும். அந்த அலையில நான் முக்கால்வாசி எழுந்துட்டேன். இன்னும் கொஞ்சந்தான் பாக்கி."

அவள் முகத்தில் மூன்று வருடமாகப் பார்க்காத ஒரு பிடிவாதம். சரி என்றேன்.

இரண்டு வாரம் கழித்து, ஸ்கூல் காரிலேயே கிளம்பினோம். விடியற்காலையில் புறப்பட்டு எட்டரைக்கெல்லாம் போய்விட்டோம். கடற்கரையில் நாலைந்து பலகைகளைச் சாய்த்து வைத்துவிட்டு ஒருவர் கயிறு சரிபார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் நிறத்தில் முழுக்கைச் சட்டை. சரி, அங்கே சொல்லித்தருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் போட்டிருந்தார்கள், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எங்களைப் பார்த்ததும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"இன்னாக்கா நீங்க! அன்னிக்கி எங்கக்கா போனீங்க?" என்று சுமதியைப் பார்த்துக் கத்தினார். "ரெண்டு படகு எறக்கித் தேடுனோம். பொழுது சாயற வரைக்கும் தேடுனோம். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவக் கூடாதா?"

"நாங்க இப்பதான் மொதமொதலா வர்றோம்" என்றேன்.

"ரெண்டு வாரம் முன்ன, ஞாயித்துக்கிழமை, பதினோரு மணிக்கு. வலது பக்கம் கல்லு இருக்குது, போவாதீங்கன்னு நான் கத்துறேன், இவங்க பலகை மட்டும் மேல வருது, ஆளு வரல." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கதான் அதோ அந்த இடத்துல உக்காந்துனு இருந்தீங்க. நவுரவே இல்ல. மனசு கேக்காம டீ வாங்கியாந்து குடுத்தேன். பொழுது போயிடுச்சி, வேணாம்னீங்க."

இதைக் கேட்டதும்தான் நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். எங்களுக்குப் பூர்வீகம் மேல்சித்தாமூர், ஜைனர்கள், பொழுது சாய்ந்த பிறகு எதுவும் சாப்பிடமாட்டோம். வேறு எதை விட்டாலும் அதை நான் விட்டதில்லை. முன்பின் பார்க்காத ஒரு மனிதர் இதை எப்படிச் சொல்வார்?

"அப்புறம்?" என்று சுமதிதான் கேட்டாள்.

"அப்புறம் இன்னா, போலீசுக்குச் சொல்லலாம்னு போன் எடுத்துனு திரும்பறேன், இவங்களையும் காணோம். சரி, ரெண்டு பேரும் எங்களை முட்டாளாக்கிட்டுப் போயிட்டாங்கன்னு திட்டுனு இருந்தோம். ரெண்டு வாரமா எனக்குத் தூக்கம் இல்லக்கா. உசிரோட நிக்கிறீங்களே, அதுவே போதும்."

திரும்பிப் போய்விடலாம் என்று நான் காரைப் பார்த்தேன். சுமதி அதற்குள் லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். "எடது பக்கமாப் போலாம்ணா" என்றாள் அவரிடம்.

நானும் தண்ணீரில் இறங்கினேன். மூன்று மணி நேரம் நான் கரையில் உட்காரவே இல்லை. அவர் காட்டிய இடத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. மார்பளவு தண்ணீரில் அவள் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றேன், அலை அடித்து இரண்டு முறை உப்புத் தண்ணீர் குடித்தேன். ஊருக்கெல்லாம் வண்டி கற்றுக்கொடுக்கிற என்னால் ஒரு முறைகூடப் பலகையில் நிற்க முடியவில்லை. சுமதி ஆறாவது அலையில் எழுந்து நின்றாள். முழங்கால் ஆட, கை இரண்டையும் விரித்துக்கொண்டு, கரை வரைக்கும் வந்தாள். "நின்னுட்டேன்டி!" என்று அவள் போட்ட சத்தம் கடல் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. அந்த மஞ்சள் சட்டைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

இப்போது அவள் மாதம் ஒருமுறை அங்கே போகிறாள். கடைக்கு ஓர் ஆள் போட்டிருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். மாடியில் நடந்ததைப் பற்றிக் கேட்டால், "பொழைச்சிட்டேன்ல, விடு" என்று சிரிக்கிறாள். அவளுக்கு அது முடிந்துபோன விஷயம்.

எனக்குத்தான் முடியவில்லை. அன்றைக்குக் கிளம்பும்போது நான் அந்த மனிதரிடம் தனியாகப் போய், அங்கே உட்கார்ந்திருந்தபோது நான் ஏதாவது பேசினேனா என்று கேட்டேன். அவர் சுமதி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணுதான்க்கா திரும்பத் திரும்பச் சொன்னீங்க. 'வர மாட்டேன்னுதான் சொன்னா, நான்தான் இஸ்துனு வந்தேன்'னு."

சுமதி மாடியில் இருமி, கண்ணைத் திறந்தபோது பதினொரு மணி தாண்டிச் சில நிமிடம்தான் இருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு என்னோடுதான் இருந்தாள். அதற்குப் பிறகு பொழுது சாய்கிற வரைக்கும், ஏழு மணி நேரம், அங்கே மணலில் ஒருத்தி உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவள் யார், எங்கே போனாள் என்பதுகூட எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. சுமதி பிழைத்துக்கொண்டாள் என்று அவளுக்கு யாராவது சொன்னார்களா, அதுதான் எனக்குத் தெரியவில்லை.