பெரியப்பா பூசிக் கொடுத்த சிமெண்ட்

இன்று காலை பெருக்கும்போது பார்த்தேன், படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் அப்பளம்போல எழும்பியிருந்தது. விரல் பட்டதும் உடைந்து, ஊறிய துணியின் வாடை வந்தது. மூன்று வயது மகளுக்கு மழை தொடங்கியதிலிருந்து இழுப்பு. ஈரமில்லாத அறையில் படுக்கவைக்கச் சொல்கிறார் டாக்டர். எங்கள் தரைத்தள ஃபிளாட்டில் இருப்பதே இந்த ஓர் அறைதான்.

அந்த வாடை எனக்குப் பழக்கம். சின்ன வயதில் முத்தியால்பேட்டையில் நாங்கள் இருந்தது சுண்ணாம்புச் சுவர் வீடு. சாய்ந்தால் முதுகு வெள்ளையாகிவிடும். அந்த முதுகோடு பள்ளிக்கூடம் போய்க் கேலி வாங்குவதில் நான் கெட்டிக்காரி. மழையில் நனைந்த சுவர் தை வெயிலில் தானே காய்ந்துவிடும். பொங்கலுக்கு ஒரு முறை வெள்ளையடித்தால் போதும்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய பெரியப்பா பாரீசிலிருந்து வந்தார்.

"என்னடா செவுரு இது, தொட்டா மாவு கொட்டுது? பொண்ணு பாக்க வர்றவன் ஓடிப்பூடுவான்!"

ஆள் வைத்து வீடு முழுக்க சிமெண்ட் பூசிக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினார். தெருவே வந்து தடவிப் பார்த்தது.

அடுத்த மழைக்கே சுவர் வீங்கியது. கடலோரத்து உப்புத்தண்ணீர் அடியிலிருந்து சுவரில் ஏறும். சுண்ணாம்பு அதை வெளியே விடும், சிமெண்ட் விடாது. இதெல்லாம் நான் பிறகு படித்தது. அப்பாவுக்கு அப்போதே சந்தேகம்.

"கொத்திப்புடலாமா?"

"உங்கண்ணன் ஆசையா செஞ்சது. கொத்துனா மூஞ்சில அடிச்ச மாதிரி ஆவும்," என்றார் அம்மா.

பெரியப்பா வரும்போதெல்லாம் வீங்கிய இடங்களில் காலண்டர் தொங்கும். "ஏம்மா, ஒரு வருசத்துக்கு இத்தினி காலண்டரா?" என்று அவர் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். ஒருவரும் சொல்லவில்லை.

அவர் காலமான பிறகுதான் கொத்தினோம். உள்ளே செங்கல் ஊறிய ரொட்டிபோல உதிர்ந்தது. வீட்டையே இடிக்கவேண்டியதாயிற்று.

இந்த ஃபிளாட்டில் கொத்தினாலும் உள்ளே சிமெண்ட்தான். "சும்மா பயப்படாத, வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் ஒண்ணு அடிச்சிடலாம்," என்கிறார் கணவர். நான் வீணாகப் பயப்படுகிறேனா, தெரியவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "மேல மேல மூட வேணாங்க. வீடு மாத்தலாம்," என்றேன். "சரி, நீயே தேடு," என்றார்.

சுண்ணாம்புச் சுவர் வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று தரகருக்குப் போன் செய்தேன்.

"அந்த மாதிரி பழைய வீடெல்லாம் டூரிஸ்ட்டுங்க தங்குற ஓட்டலாயிடுச்சிம்மா," என்றார். "வேணும்னா ஒரு நாளுக்கு ரூம் போட்டுத் தரவா?"