ரோஸ்மேரி வேலையை விட்டுப் போன வாரம்

ரோஸ்மேரி சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தவள். மூன்று வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டே தபாலில் பி.ஏ. முடித்தாள். தட்டச்சு தெரிந்த தைரியத்தில் 2007இல் அவிநாசி ரோட்டில் ஒரு மாடி ஆபீஸில் சேர்ந்தாள். என்ன வேலை என்று சர்ச்சில் யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல குப்பை அள்ளுதேன்" என்பாள்.

உண்மையும் அதுதான். சென்னைக் கம்பெனி ஒன்று 'சிநேகவலை' என்று ஒரு இணையதளம் நடத்திவந்தது. ஜனங்கள் அதில் படம் போடுவார்கள், குழு தொடங்குவார்கள், முகம் தெரியாதவர்களோடு அரட்டை அடிப்பார்கள். அங்கிருந்து வரும் புகார்களைப் படித்து, ஆபாசத்தையும் மிரட்டலையும் நீக்குவது திருப்பூர் ஆபீஸின் பொறுப்பு. மொத்தம் ஒன்பது பேர். தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறவர்கள் ஒரே கெட்ட வார்த்தையைப் பதினாலு விதமாக எழுதுவார்கள். அத்தனையையும் ரோஸ்மேரி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அந்த நோட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டாள்.

2009 பிறந்ததும் கூட்டம் கலைய ஆரம்பித்தது. வெளிநாட்டுத் தளங்களுக்கு ஆட்கள் சாரிசாரியாய்ப் போனார்கள். விளம்பரமும் நின்றது. சென்னையிலிருந்து ஒரு உத்தரவு வந்தது: ஆயிரம் பேருக்கு மேல் உள்ள எந்தக் குழுவையும் சென்னையைக் கேட்காமல் நீக்கக்கூடாது, கருத்துச் சுதந்திரத்தை மதிக்க வேண்டும். மேனேஜர் பிரபாகர் அதை வாசித்துக் காட்டியபோது ரோஸ்மேரி மட்டும் கையைத் தூக்கினாள்.

"யாரோட சுதந்திரம் சார்?"

பிரபாகர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர், சாது மனுஷன். "எனக்கு வந்ததை வாசிச்சனுங்க" என்று தாளை மடித்து வைத்தார்.

மார்ச் மாதத்து ஒரு திங்கள்கிழமை காலையில் அடுத்த கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமையோடு ஆறு பேருக்கு வேலை இல்லை. இனிமேல் ஒரு மென்பொருளே கெட்ட வார்த்தைகளைப் பிடித்துவிடும். ஆறு பேரில் ரோஸ்மேரியின் பெயர் இரண்டாவது. சிலர் அப்போதே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

அன்றைக்கு மதியம் ஒரு பெண் படியேறி வந்தாள். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. பனியன் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருக்கிறாள்.

"ஏனுங்க, சிநேகவலை ஆபீஸ் இதுதானுங்களா? பிரௌசிங் சென்டர்ல கேட்டு வந்தனுங்க. எம்பேரு வேலாத்தாள், சேவூருங்க."

வெளியாட்களை உள்ளே விடக்கூடாது என்பது விதி. ரோஸ்மேரி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

வேலாத்தாள் தையல் செக்‌ஷனில் டெய்லர். சூப்பர்வைசர் ஒருவன் பெண்களிடம் அத்துமீறிக் கைவைக்கிறான் என்று முதலாளியிடம் சொன்னவள் அவள்தான். பத்தே நாளில், ஆயுதபூஜைக்கு எடுத்த அவளுடைய படத்தையும் போன் நம்பரையும் போட்டு ஒரு குழு முளைத்தது. கூசும்படியான பெயர். நாலாயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள். விடிந்ததிலிருந்து போன் அடிக்கிறது.

"எங்கூட்டுக்காரருதான் அந்தப் போனை எடுக்கறாருங்க. தப்பு நம்பருன்னு சொல்லிச் சொல்லி வெக்கறாருங்க."

ரோஸ்மேரி அப்போதே சென்னைக்கு எழுதினாள். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. போனில் கூப்பிட்டாள், அதே பதில்தான். நாலாயிரம் பேர் வந்துபோகும் பக்கத்தை மூட அவர்களுக்கு மனசில்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

குழுவை மூடத்தான் அவளுக்கு அதிகாரமில்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பதிவையும் நீக்கலாம். அதைத் தடுக்கும் உத்தரவு எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை எட்டரைக்கு வந்து உட்கார்ந்தாள். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் தேதி தெரியும்படி அச்செடுத்தாள். எழுதியவனின் பெயரை அடிக்கோடிட்டாள். பிறகுதான் அழித்தாள். அழிக்க அழிக்க மறுபடி போட்டார்கள். மறுபடி அச்செடுத்தாள், மறுபடி அழித்தாள். புதன்கிழமை மத்தியானத்துக்குள் அச்சடித்த தாள் ஒரு சாண் உயரம் சேர்ந்துவிட்டது.

பிரபாகர் பக்கத்தில் வந்து நின்றார். "ரோஸ்மேரி, சென்னைல இருந்து கேக்கறாங்க. போற நேரத்துல அனுபவச் சான்றிதழைக் கெடுத்துக்காதீங்க."

"அழிக்கக் கூடாதுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க சார். இப்பமே நிறுத்திருதேன்."

அவர் அந்த ஒரு வரியை எழுதவில்லை. அப்புறம் தன் அறைக்குப் போய், தாள் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து பிரிண்டர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை, முதன்முதலில் படத்தைப் போட்டவன் யார் என்பது ரோஸ்மேரி கண்ணில் பட்டது. பெயர் பொய்தான். ஆனால் ஆறு மாதத்துக்கு முன்னால் அதே கணக்கிலிருந்து சூப்பர்வைசர் தன் புது பைக்கோடு நிற்கும் படத்தைப் போட்டிருந்தான். அந்தத் தாளைக் கட்டின் மேலாக வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு வேலாத்தாளையும் அவள் வீட்டுக்காரரையும் மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு இணையதளம் என்றால் என்னவென்று அவ்வளவாகத் தெரியாது. ரோஸ்மேரி தாள் தாளாக எடுத்து வைத்துப் படித்துக் காட்டினாள். அந்த வார்த்தைகளை வாயால் சொல்ல வேண்டிய இடத்தில் அவள் குரல் ஒரு தடவை இறங்கியது. அப்புறம் நிமிர்ந்துகொண்டு சொன்னாள். வேலாத்தாளின் வீட்டுக்காரர் முன்னால் வந்து, "இதுல எம்பொஞ்சாதி தப்பு என்னங்கம்மா இருக்குது?" என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

சூப்பர்வைசரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனியும் அவனை நிறுத்தியது. போலீஸ் கடிதம் போனபிறகு சென்னையில் குழுவை மூடினார்கள். வேலாத்தாள் அதே மிஷினில் உட்கார்ந்து தைத்தாள். ஆனால் போன் உடனே ஓயவில்லை; கடைசியில் நம்பரை மாற்ற வேண்டியதாயிற்று. அந்த வருத்தம் ரோஸ்மேரிக்குக் கடைசிவரை இருந்தது.

மென்பொருள் பதினாலு எழுத்துக்கூட்டில் இரண்டைத்தான் பிடித்ததாம். அடுத்த வருஷம் சிநேகவலையே இல்லாமல் போயிற்று. ரோஸ்மேரிக்கு அனுபவச் சான்றிதழ் வரவில்லை. அனுப்பர்பாளையத்தில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் கடிதம் அடிக்கும் வேலை கிடைத்தது.

வேலாத்தாள் யாரிடம் சொன்னாளோ, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் யாராவது ஒரு பெண் போனை முந்தானையில் சுற்றிக்கொண்டு நிற்பாள். பேர் சொல்லத் தயங்குவாள். "பேரு அப்புறம் சொல்லலாம். உள்ள வாங்க" என்று ரோஸ்மேரி புகார் எழுதக் காகிதத்தை எடுப்பாள்.