கொம்பு கழன்ற பெயர்கள்

நூற்றுப் பதினான்கு பேர். குன்னூருக்கு மேலே உள்ள அந்த எஸ்டேட்டின் இரண்டாம் டிவிஷனில் கொழுந்து எடுப்பவர்களின் எண்ணிக்கை அது. அத்தனை பேரின் பெயரும் இந்துமதிக்கு மனப்பாடம். யாருடைய மூட்டை எந்தப் பக்கம் சாயும், தராசில் ஏற்றும்போது யார் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதுகூட அத்துப்படி. அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அதில் பதினொரு வருடம் மடுவத்தில் எடை போட்டே கழிந்தது. கொழுந்து நிறுக்கும் தகரக் கொட்டகைக்கு மடுவம் என்று பெயர். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய குடும்பங்கள் கையோடு கொண்டுவந்த சொல்.

இப்போது தராசு மின்சாரத் தராசு. எடை ஏறியதும் பக்கத்தில் இருக்கும் சின்னப் பிரிண்டர் நாக்கை நீட்டுவது போல ஒரு சீட்டை நீட்டும். எடை துல்லியமாக இருந்தது. பெயர்தான் சரியில்லை. தராசோடு வந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் கழன்று ஓடின.

"எனக்குக் கொம்பு மொளைச்சிருக்குன்னு லயத்து வீடு அத்தனையும் பேசுது," என்றாள் தெய்வம்மா, சீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து. "இங்க பாரு, ஒன் மிஷினு அதக் கழட்டித் தனியா வச்சிருச்சு."

"பத்திரமா வச்சுக்க. சண்டைக்குப் போகையில மாட்டிக்கலாம்," என்றாள் வரிசையில் அடுத்து நின்ற மருதாம்பாள்.

கொட்டகையே சிரித்தது. ஆனால் அந்த வாரத்திலேயே இரண்டு பேரின் சீட்டு கை மாறி, ஆபீஸ் வரை பேச்சுப் போனது. செவ்வாய்க்கிழமை தலைமைக் கிளார்க் ரவிச்சந்திரன் நேரில் வந்தார்.

"வர்ற திங்கள்லேர்ந்து பேரே வேண்டாம்மா. நம்பர் மட்டும் போட்டுக்கலாம். நம்பர் ஒடையாது பாருங்க."

"பேரு ஒழுங்கா வந்துட்டா சார்?"

"வந்தா எனக்கென்னங்க? சனிக்கிழமை சாயங்கால எடைக்குள்ள காட்டுங்க, பாக்கலாம்."

ஒன்றாம் டிவிஷனில் ஏற்கெனவே நம்பர்தான். அங்கே ஒருநாள் 'நாப்பத்தேழு' என்று குரல் கேட்டதும் ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்ததை இந்துமதி பார்த்திருக்கிறாள். எவ்வளவு சாதாரணமாகத் திரும்பினாள்! அது இந்துமதிக்கு ஏனோ பொறுக்கவில்லை.

அவளிடம் ஆபீஸ் கழித்துப்போட்ட ஒரு பழைய லேப்டாப் இருந்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீயோடு வர்க்கி ரொட்டியைக் கடித்துக்கொண்டே, அதிலிருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸ் ஏற்றினாள். யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த இயங்குதளம். கிழட்டு மிஷினிலும் முனகாமல் ஓடும். கல்யாணத்துக்கு முன்னால் படித்த கம்ப்யூட்டர் டிப்ளமோ பாதி மறந்துவிட்டது. மீதியை ஃபோனில் வீடியோ பார்த்துத் தேற்றிக்கொண்டாள். பெயரை எழுத்தாக அனுப்பினால்தானே பிரிண்டர் உடைக்கிறது? படமாக அனுப்பினால்? அதற்கான நிரலை மூன்று நாளில் நோட்டில் எழுதிவிட்டாள். இனி பைத்தான் என்ற நிரல்மொழிக்குத் துணையாக, தமிழைக் கோத்துப் படமாக்கும் கருவிகளை லேப்டாப்பில் நிறுவ வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

சனிக்கிழமை மத்தியானம். எல்லோரும் மலையில் இருந்தார்கள். மடுவத்துக்குள் சிக்னல் வராது. ஃபோனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வெளியே சில்வர் ஓக் கிளையில் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து இணையத்தை உள்ளே இழுத்தாள். கறுப்புத் திரையைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லி அடித்தாள்.

"சூடோ..."

"எங்க சூடு? காலைல ஊத்துனது, ஆறிப் போச்சு," என்றாள் மருதாம்பாள். காலில் அட்டை கடித்ததற்குச் சுண்ணாம்பு தேடி இறங்கி வந்திருந்தாள், கையில் ஃபிளாஸ்க்.

"டீ இல்லக்கா. இந்த வார்த்தையச் சொன்னாத்தான் நாமதான் மொதலாளின்னு மிஷின் ஒத்துக்கும்."

"அப்பிடியா! எஸ்டேட்டுத் தொரைகிட்டயும் ஒருக்காச் சொல்லிப் பாரு."

அவள் போனபின் மிஷின் கடவுச்சொல் கேட்டது. வர்க்கி தின்ற நாளில் வைத்தது. வர்க்கி என்றே ஆங்கில எழுத்தில் வைத்தது, கடைசியில் ஓர் இரண்டு. அடித்தாள். திரையில் ஒன்றும் நகரவில்லை, ஒரு புள்ளிகூட விழவில்லை. கறுப்புத் திரையில் கடவுச்சொல் தெரியாது என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். தவறு என்றது மிஷின். மறுபடி அடித்தாள். தவறு. மூன்றாவது முறையும் தவறு.

மணி ஒன்றே முக்கால். நாலரைக்கு எடை.

அப்போது மூடுபனி உள்ளே வந்தது. கதவில்லாத பக்கமாக, கூப்பிட்ட வீட்டுக்கு வருவது போல மெதுவாக வந்து தராசின்மேல் உட்கார்ந்தது. பச்சைச் சரிவு போயிற்று. சில்வர் ஓக் போயிற்று. ஃபோன் தொங்கிய பை மட்டும் வெள்ளையில் வெள்ளையாக ஆடியது. இந்துமதி கன்னத்தில் கை வைத்தாள். கண் செருகியது. செடிகளின் நுனியிலெல்லாம் கொம்புகளும் கால்களும் துளிர்த்திருந்தன. யாரோ இரண்டு விரலால் அவற்றைக் கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டபடி இருந்தார்கள். முகம் தெரியவில்லை. ஒரு துணைக்கால் கூடையிலிருந்து நழுவி வழிந்து அவள் பெயரின்மேல் விழுந்தது, இந்துமாதி என்று. அவள் அந்தப் பெயரைச் சிரிக்காமல் வாசித்தாள்.

எங்கோ மேலே ஒருத்தி கூவியழைத்தாள். விழித்துக்கொண்டாள்.

பெயர். அன்றைக்கு லினக்ஸ் ஏற்றும்போது எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் நிரப்பிவிட்டு, ஆசைக்காகத் தன் முழுப் பெயரை மட்டும் தமிழ் விசைப்பலகைக்கு மாற்றி எழுதினாள். பிறகு கடவுச்சொல். திருப்பி மாற்றினாளா? மாற்றவில்லை! திரையில் வெறும் புள்ளிகள்தான் விழுந்தன. அவளுக்கு எப்படித் தெரியும்? தானாகவே திறந்துகொள்ளும்படி வைத்திருந்ததால் அதன்பிறகு மிஷின் ஒருமுறையும் அவளிடம் கேட்கவில்லை. விரல்கள் வர்க்கி என்று நினைத்துத் தட்டியது, உள்ளே எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல்லாகப் போய் உட்கார்ந்திருந்தது.

கட்டளையை மறுபடி அடித்து, கடவுச்சொல் கேட்டதும் திரையின் மூலையில் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றினாள். அதே விரல்கள், அதே ஏழு விசைகள்.

மிஷின் ஒத்துக்கொண்டது.

வரிகள் மேலே ஏறத் தொடங்கின. மழை கீழிருந்து மேலே பெய்தால் அப்படித்தான் இருக்கும். பன்னிரண்டு சதவீதம். பனி கனத்தால் இருபதில் நின்றது, விலகினால் ஓடியது. அவள் ஒன்றும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு நூறு வந்தது. நோட்டைப் பார்த்து நிரலை அடித்தாள். இரண்டு இடத்தில் பிழை சொன்னது; ஒன்று விட்டுப்போன அடைப்புக்குறி, இன்னொன்று அவளுடைய சொந்த அவசரம். நாலு மணிக்குப் பிரிண்டர் நாக்கை நீட்டியது. அம்சவேணி. வே, அதன் கொம்போடு ஒட்டி நின்றது.

ரவிச்சந்திரன் நாலே காலுக்கு வந்தார். அவள் அச்சடித்து வைத்திருந்த நூற்றுப் பதினான்கு சீட்டையும் நின்றபடியே பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தார். பாதியில் கை நின்றது.

"வேலாமணி ரெண்டு இருக்கே?"

பெயர்களைக் காப்பாற்றும் அவசரத்தில் இந்துமதிக்கு இது தோன்றவே இல்லை.

"ஒருத்தர் மேல் லயம் சார், ஒருத்தர் கீழ் லயம். பேருக்குக் கீழ அதையும் போட்டுடறேன். பத்து நிமிசம் குடுங்க."

"பத்து நிமிசத்துல ஆயிருமாங்க?"

"ஆயிரும் சார்."

எட்டு நிமிடத்தில் முடிந்தது. வெளியே மூட்டைகள் இறங்கும் சத்தம் கேட்டது. அவர் இரண்டு வேலாமணிகளையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "மொத மாசம் நம்பரும் சின்னதாக் கூடவே இருக்கட்டும்," என்றார். "தொரைகிட்ட நான் சொல்லிக்கறேன்."

திங்கட்கிழமை பத்து மணிக்கு முதல் எடை. சீட்டு இப்போது நீளம் கூடிவிட்டதால், பேப்பர் ரோல் வாங்க இந்துமதி அன்றைக்குக் காலை முதல் பஸ்ஸில் குன்னூர் போய் வந்தாள்.